நீ எடைக்குப் போடச் சொன்ன வண்டி

ஏலே பெங்களூர்த் துரை,

ஐப்பசியில் நீ அனுப்பிய ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். பழைய வண்டிகளை எடைக்கு எடுக்கிறவர்கள். ஒருவன் கையில் கயிறு, இன்னொருவன் கையில் போன். கராஜ் கதவைத் திறக்கச் சொல்லி நம் ஹெரால்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சந்தையில் கிடா வாங்க வந்தவன் முதுகை அமுக்கிப் பார்ப்பானே, அப்படி அமுக்கினார்கள். சித்தப்பா முறை வைத்து, "காக்கு, உங்க பையன் ஆன்லைன்ல புக் பண்ணிட்டாரு. சாவியைக் கொடுங்க, இப்பவே இழுத்துட்டுப் போயிடறோம்" என்றான் போன்காரன். "புக் பண்ணினது என் பையன்னா அவனையே இழுத்துட்டுப் போங்க. பெங்களூர்ல இருக்கான். வண்டியை விட எடை நல்லாத் தேறும்" என்றேன். உன் அம்மா அவர்களுக்குக் காபி கொடுத்தாள். குடித்துவிட்டு, இவ்வளவு நல்ல காபி குடித்ததே இல்லை என்று சொல்லி, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு நீ போனில் கத்தினாய். நான் "பாக்கலாம்ல" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ வண்டியைப் பற்றி எடுத்தபோதெல்லாம் எனக்குக் காது கேட்காத மாதிரி நடித்தேன். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே, அவளிடமும் அதே நடிப்புதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது மார்கழி. தையில் உனக்குக் கல்யாணம். அதற்குமுன் நடந்ததை உனக்குச் சொல்லிவிட வேண்டும். போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்பாய். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுத்து இது. பிழையைப் பார்க்காதே, சங்கதியைப் பார். லேக் மார்க்கெட் பக்கம் நம் ஆட்கள் போடுகிற பொங்கல் மலருக்கும் இதிலே ஒரு நகல் கொடுத்திருக்கிறேன். பக்கம் நிரம்பாமல் தவிக்கிறார்கள், பாவம். நீ படிக்காமல் விட்டாலும் ஊர் படிக்கும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் அவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

பவானிபூரில் நாம் குடியிருந்த வீட்டு மாடியில் ஒரு வங்காளி ஹோமியோபதி டாக்டர் இருந்தார். வீடு அவர்கள் குடும்பத்துடையது, கீழ்த்தளம் நமக்கு வாடகை. அவருடைய வண்டிதான் இந்த ஹெரால்டு. மெட்ராஸில் செய்த வண்டி. முன்பக்கம் முழுவதும் முதலை வாயைத் திறக்கிற மாதிரி திறக்கும். டாக்டர் போன பிறகு அது கராஜிலேயே நின்றது. பூனைகள் அதில் பிரசவம் பார்த்தன. ஒரு நாள் நான் நம் கடைக் காபிப் பொடி கொடுக்க மாடிக்குப் போனபோது டாக்டர் சம்சாரம், நாமெல்லாம் மாஷிமா என்று கூப்பிடுவோமே, அந்தம்மா சொன்னாள்: "அந்த வண்டிய நீயே எடுத்துக்கோப்பா. உங்க ஊர்ல செஞ்சதுதானே. அது பேசறது உனக்குப் புரியும்." அவ்வளவுதான் பத்திரம். அந்தம்மாவின் வாய்ச்சொல். வண்டியின் ப்ளூ புக், அதாவது பதிவுப் புத்தகம், எங்கே என்று யாருக்கும் தெரியாது. இந்த ஊரில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போகும்போது வெறுங்கையோடு போவதில்லை. எதையாவது எடுத்துக்கொண்டுதான் போகும். பிறகு மாஷிமாவும் போய்விட்டாள்.

நீ வேலைக்குப் போன வருஷம் வண்டியைப் பிரித்துப் போட்டேன். பாப்லு மிஸ்திரி தகரம் தட்டினான், நான் மல்லிக் பஜாரில் ஒவ்வொரு சாமானாகத் தேடிப் பொறுக்கினேன். பவானிபூரில் பிறந்து, பெங்களூர் வரைக்கும் போய், அங்கே ஒரு பவானிபூர்ப் பெண்ணையே நீ பிடித்தாயே, அந்த வருஷம் வண்டி வேலை முடிந்தது. மணப்பெண் மாதிரி இருந்தது. இன்ஜின் ஓடியது. ஹார்ன் அடித்தால் தெருநாய்கள் மரியாதையாக எழுந்து நின்றன. காகிதம் மட்டும் இல்லை. அதே சமயத்தில்தான் டாக்டரின் தம்பி பிள்ளைகள் வீட்டை, இடித்து ஃப்ளாட் கட்டுகிற ப்ரோமோட்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் வந்து, "காளி பூஜை முடிஞ்சதும் முதல்ல கராஜைத்தான் இடிப்பேன். உங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு பாத்துட்டேன். வண்டிக்கு பேப்பர் இருந்தா ரோட்டுல நிறுத்துங்க. இல்லேன்னா கிரேன் வந்து தூக்கும், நேரா எடைக்குத்தான் போகும்" என்றான். நீயும் அதையே சொன்னாய், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து.

"ஒரு பழைய தகரத்துக்கு இந்த வயசுல ஏன்பா இவ்வளவு அலைச்சல்?" என்று கேட்டாய். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். என் தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து இந்த வங்காளத்து ஊருக்கு வந்தார். வாடகைக்கு இருந்தார். என் அப்பா வாடகைக்கு இருந்தார். நான் வாடகைக்கு இருந்தேன். காபிக் கடை வாடகை, அரைக்கிற மிஷின் கூட ரொம்ப நாள் இன்னொருத்தனுடையது. ரேஷன் கார்டில் என் பெயர் இருக்கிறது, கரண்ட் பில்லில் இல்லை. வாடகைச் சீட்டில் என் பெயர் எப்போதும் இரண்டாவது வரியில்தான் வரும். முதல் வரியில் மாலிக், அதாவது உடைமைக்காரன். மூன்று தலைமுறையாக நாம் இரண்டாவது வரியில் குடியிருக்கிறோம். இந்த ஊர் எனக்குத் தானாகக் கொடுத்த ஒரே சொத்து அந்த வண்டி. செத்துப் போகுமுன் ஒரே ஒரு தாளில் முதல் வரிக்கு வர வேண்டும் என்று நினைத்தேன். அது தகரம்தான், ஒத்துக்கொள்கிறேன். தாஜ்மஹால் கிடைத்தால் தாஜ்மஹாலுக்கு அலைந்திருப்பேன்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன வண்டிகளுக்கு இப்போது தனிப் பதிவு இருக்கிறது. பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வண்டி பிறந்த கோலத்தில் இருக்க வேண்டும், இரும்பில் அடித்திருக்கிற சேஸிஸ் நம்பர் ஆபீஸ் பதிவோடு ஒத்துப்போக வேண்டும், பதிவில் பெயர் உள்ளவரோ அவர் வாரிசோ "இது எங்கள் வண்டிதான், இவருக்குக் கொடுத்தோம்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ப்ளூ புக் தொலைந்ததற்குத் தானாவில், அதாவது போலீஸ் ஸ்டேஷனில், டைரி எழுதி வைத்தேன். காகிதமில்லாத வண்டி தெருவில் இறங்கக் கூடாது என்பதால், பூஜைக்கு முன்னால் வண்டிப் பதிவு ஆபீஸ் இன்ஸ்பெக்டரே கராஜுக்கு வந்தார். சின்னப் பையன், உன் வயசு இருக்கும், ஆனால் நியூஸ் பேப்பரை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தான். உன்னைப் படுக்க வைக்க முடியுமா?

டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து, பெரியவர்களைக் கூப்பிடுகிற மரியாதையோடு கூப்பிட்டான். "மேஷோமஷாய், வண்டி ரொம்ப அழகா இருக்கு. அதுதான் பிரச்சினை. நம்பர் எங்க?"

பாப்லு மார்பை நிமிர்த்தினான். "ஸார், மேலேயும் கீழேயும் புட்டிப் பசை வச்சுத் தேச்சு மூணு கோட்டு பெயின்ட் அடிச்சிருக்கேன். கை வச்சுப் பாருங்க, ரசகுல்லா மாதிரி இருக்கும்."

"ரசகுல்லாவுக்கு நம்பர் கிடையாது. வண்டிக்கு உண்டு. இது திருட்டு வண்டியா இருக்கலாம், ரெண்டு வண்டிய வெட்டி ஒட்டினதா இருக்கலாம். நம்பர் இல்லாம நான் எப்படி நம்பறது?"

"உங்க நெத்தியில கூடத்தான் நம்பர் இல்ல. இன்ஸ்பெக்டர்னு நான் நம்பலையா?" என்றேன். அவன் சிரிக்காமல் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினான். உன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அவ்வளவு சந்தோஷத்தை நான் அவளுக்கு வருஷக்கணக்கில் கொடுத்ததில்லை. நம்பரையும் வாரிசையும் கண்டுபிடித்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்த வாரம் ஆபீஸுக்கு வெளியே டீக்கடையில் ஒரு ஆள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இந்த மாதிரி ஆட்களுக்கு எப்போதும் குரல் வெல்லம் மாதிரி இருக்கும், யாரும் அவர்களுக்கு தாதா, அதாவது அண்ணன். "தாதா, எதுக்கு வாரிசு, எதுக்கு நம்பர்? இதே மாடல் வண்டி ஒண்ணு செத்துப் போச்சு. உடம்பு போச்சு, பேப்பர் மட்டும் உசுரோட இருக்கு. அந்த நம்பரை உங்க வண்டியில அடிச்சுடுவோம். நாளைக்கே ஓட்டலாம்" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க உன்னிடம்தான் போன் பண்ணினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"எடுத்துக்கோங்கப்பா. எல்லாரும் பண்றதுதான். யார் பாக்கப் போறா?" என்றாய்.

"அப்போ நாளைக்கு நான் வேற ஒருத்தன் பேருல ஓட்டு போடவா? செத்தவன் பேரு ஒண்ணு காலியா இருக்கு."

"அது வேறப்பா, இது வேற."

"ஏலே, பேரே வேண்டாம்னா எனக்கு எதுக்குக் காகிதம்? வண்டி ஏற்கெனவே ஓடுதுல்லா?"

"அப்போ எடைக்குப் போடுங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகுதான் கயிற்றோடு ஆட்கள் வந்தார்கள். உன்னை நான் திட்டவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்தாய். பிள்ளைகள் பெற்றவர்களைக் காப்பாற்றக் கிளம்பினால் முதலில் வீட்டுச் சாமான்களுக்குத்தான் ஆபத்து. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும், அப்போது உன் போனை ஒளித்து வை. அந்த டீக்கடை ஆளிடம் மறுநாள் போய், "என் வண்டிக்குப் பேரு இருக்கு, பிணத்தோட சட்டை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் குடித்த டீக்குக் காசு கொடுக்காமல் வந்ததில் ஒரு திருப்தி.

வாரிசு என்றால் ஒரே ஒருத்திதான். டாக்டரின் மகள் ஜூமாதி. 'தி' என்றால் அக்கா, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மலர் படிக்கிறவர்களுக்கு. நாம் அந்த வீட்டுக்குக் குடிவருவதற்கு முன்பே கல்யாணமாகி வெளியூர் போனவள். இப்போது தனியாக, காளிகாட் மெட்ரோ பக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில். பவானிபூர் வீட்டில் அவளுக்கும் பங்கு உண்டு. சித்தப்பா பிள்ளைகள் ஒரு டப்பா சந்தேஷ் இனிப்பைக் கொண்டுபோய் வைத்து, கையெழுத்தை வாங்கிக்கொண்டு போன கதை தெருவுக்கே தெரியும். நான் காபிப் பொடியோடு போனேன். அவள் பேசியது வங்காளத்தில், நான் தமிழில் எழுதுகிறேன். காரம் மட்டும் கொஞ்சம் குறையும்.

கதவுச் சங்கிலியை எடுக்காமலே கேட்டாள். "என்ன அது கையில?"

"காபிப் பொடி, தீதி. பவானிபூர் வீட்டுல கீழ குடியிருந்த..."

"தெரியுது. கையெழுத்துக்கு முன்னாடி எல்லாரும் ஸ்வீட் கொண்டு வருவாங்க. நீங்க காபியா? நல்லது. கையெழுத்து போட மாட்டேன். பொடிய வச்சிட்டுப் போங்க."

பொடியை வைத்தேன், போகவில்லை. வண்டி விஷயத்தைச் சொன்னேன். மாஷிமா எனக்கே கொடுத்தாள் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கம்மா குடுத்தாளா? பக்கத்து வீட்டுக்கு உப்பு குடுத்தாக்கூட ஸ்பூனைத் திருப்பி வாங்கிட்டு வர்ற ஆளு அவ. வண்டிய நான் வந்து பாக்கறேன். எங்கப்பா வண்டியா இருந்தா எனக்குத் தெரியும். இல்லேன்னு வைங்க, நேரா தானாவுக்குத்தான் போவேன்."

சொன்னபடி ஆட்டோவில் வந்து இறங்கினாள். ப்ரோமோட்டரின் ஆட்கள் மாடியில் ஜன்னல்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் தலை நிமிர்ந்து அதைப் பார்க்கவே இல்லை. நேரே கராஜுக்கு வந்தாள். பாப்லு துணியால் வண்டியை இன்னொரு தடவை துடைத்தான். உன் அம்மா மோடாவைக் கொண்டுவந்து போட்டாள். ஜூமாதி உட்காரவில்லை. வண்டியின் பின்பக்கம் போய், இடது மட்கார்டில் கையை வைத்துத் தடவினாள். மேலே, கீழே, மறுபடியும் மேலே. பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"இது எங்கப்பா வண்டி இல்ல."

"நல்லாப் பாருங்க தீதி" என்றேன்.

"பாத்தாச்சு. இங்க ஒரு பள்ளம் இருக்கும். நான் அடிச்ச பள்ளம். பாபா எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தார். ரிவர்ஸ் எடுக்கும்போது தெரு முனை ட்யூப்வெல்ல போய் இடிச்சேன். தட்டிச் சரி பண்ண மிஸ்திரி வந்தான், பாபா திருப்பி அனுப்பிட்டார். 'என் பொண்ணு ஓட்டினதுக்கு இது ஒண்ணுதான் சாட்சி'ன்னார். அதுக்கப்புறம் சீக்கிரமே எனக்குக் கல்யாணம். அந்த வீட்டுல பொண்ணுங்க ஓட்டக் கூடாது. நான் ஓட்டினதே இல்ல." மட்கார்டைக் காட்டி, "அந்தப் பள்ளத்தை எங்கப்பா எடுத்திருக்க மாட்டார். அதனால இது வேற வண்டி" என்றாள்.

நான் பாப்லுவைப் பார்த்தேன். பாப்லு கராஜ் கூரையைப் பார்த்தான்.

"என்னல, பள்ளம் இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றான். "நல்ல ஆழமான பள்ளம். அதை அடைக்கவே ஒரு டப்பா புட்டி போச்சு. ஒரு தழும்பு கண்ணுல படக் கூடாதுன்னு தலைமேல நின்னு கத்தினது யாரு தாதா? நானா?"

நான்தான். என்ன செய்ய? அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் வண்டியின் முகவரி முழுவதையும் புட்டி வைத்துப் பூசிவிட்டேன். சர்க்காருக்கும் அடையாளம் தெரியவில்லை, பெற்றவர் வீட்டுக்கும் அடையாளம் தெரியவில்லை. "நோண்டு" என்றேன்.

"நான் செஞ்சதை நானே நோண்டணுமா? பொரிச்ச மீனைத் திருப்பிக் குளத்துல விடச் சொல்றீங்களே!"

"விடுல. நீந்துதான்னு பாப்போம்."

பாப்லு முனகிக்கொண்டே உளியை எடுத்தான். முதல் தட்டில் பெயின்ட் உரிந்து விழுந்தபோது எனக்கே பல்லைப் பிடுங்கினது மாதிரி இருந்தது. பிறகு புட்டி கட்டி கட்டியாக உதிர்ந்தது. மெதுவாகப் பள்ளம் வெளியே வந்தது. கிண்ணம் மாதிரி, ஓரத்தில் பழைய சாம்பல் நிறப் பெயின்ட் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு. ஜூமாதி குனிந்து உள்ளங்கையை அதில் வைத்தாள். வைத்தபடியே நின்றாள். அதற்குப் பிறகு, "ஆமா, நான்தான்" என்றாள். அது வண்டிதான் என்று சொல்லவில்லை, கவனி. நான்தான் என்றாள்.

இங்கே ஒரு நிமிஷம் உன் பக்கம் திரும்புகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் இருவரும் எடுத்துக்கொண்ட போட்டோக்களைப் பார்த்தேன். புருவத்துக்கு மேலே உனக்கு ஒரு தழும்பு உண்டே, காபிக் கடை ஷட்டரில் தொங்கி ஊஞ்சல் ஆடி விழுந்ததில் வந்தது, அதைக் காணோம். போட்டோக்காரன் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டானாம், நீதான் சொன்னாயாம். முகம் வழவழவென்று இருக்கிறது. உன் அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது யாரு பிள்ளங்க?" என்று கேட்டாள். பாப்லு பரவாயில்லை, வண்டிக்குத்தான் புட்டி வைத்தான். நாளைக்கு உன் பெண்டாட்டி உன்னைக் கூட்டத்தில் தேடும்போது எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பாள்? கடன், கோபம், பயம், குறட்டை எல்லாம் இருக்கும் நமக்கு. முதல் நாளே தடவிப் பார்க்க விட்டுவிடு. பின்னால் உளி வைத்து எடுக்கும்போது வலிக்கும். இதைப் படித்த புத்தியால் சொல்லவில்லை, நோண்டின புத்தியால் சொல்கிறேன்.

ஜூமாதி அப்போதுதான் மோடாவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அதிகாரம் வந்துவிட்டது. "அதே கையோட நம்பரையும் தேடு" என்று பாப்லுவை வண்டிக்கு அடியில் அனுப்பினாள். அவன் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே போனான். சேஸிஸ் இரும்பில் ஏதோ எழுத்து மாதிரி தட்டுப்பட்டது, ஆனால் கருப்பில் கருப்பு, படிக்க முடியவில்லை. டார்ச் அடித்தோம், எண்ணெய் தடவினோம், நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உன் அம்மா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு உள்ளே போய்க் கோலப்பொடி டப்பாவை எடுத்து வந்தாள்.

"என்னட்டி, இப்பவா கோலம் போடப் போற?"

"ஆமா, உங்க தலையில. பொடியப் போட்டுத் தேய்ங்க. பள்ளத்துல நிக்கும், மேட்டுல நிக்காது. ஆம்பளையளுக்கு எல்லாத்துக்கும் டார்ச்சுதான் அடிக்கத் தெரியும்."

தேய்த்தோம். ஒவ்வொரு எண்ணாக வெள்ளையாக எழுந்து நின்றது. பாப்லு அடியில் படுத்தபடி சத்தமாகப் படித்தான். ஜூமாதி கைதட்டினாள். கையெழுத்து அன்றைக்கே கிடைத்தது. அம்மா வாயால் கொடுத்ததை நான் எழுதிக் கொடுக்கிறேன் என்று நோட்டரி முன்னால் சொன்னாள். "இதுக்காவது ஸ்வீட் உண்டா?" என்று கேட்டாள். நல்ல கடையில் வாங்கிக் கொடுத்தேன். கையெழுத்துக்குப் பிறகு கொடுத்தால் அது லஞ்சம் இல்லை, மரியாதை.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தான், மறுபடி படுத்தான். அடியிலிருந்து குரல் வந்தது: "இங்க யாரு பவுடர் போட்டது?"

"நான்தான்" என்றாள் உன் அம்மா. "பொண்ணு பாக்க வந்தா பவுடர் போட மாட்டோமா?"

இந்தத் தடவை சிரித்துவிட்டான். நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தான். ஆபீஸ் பதிவில் இருந்த நம்பரும் இதுவும் ஒன்று. எழுந்து வண்டியைச் சுற்றி வந்தவன், பெயின்ட் உரிந்து கிடந்த மட்கார்டைப் பார்த்து, "இவ்வளவு வேலை பண்ணிட்டு இதை மட்டும் ஏன் இப்படி விட்டீங்க?" என்று கேட்டான். அன்றைக்கும் மோடாவில் வந்து உட்கார்ந்திருந்த ஜூமாதி எழுந்து நின்று, "அது ஒரிஜினல். யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள். அவன் அதையும் எழுதிக்கொண்டான். நீ மட்டும் இன்ஸ்பெக்டராக இருந்து அந்தக் குரலைக் கேட்டிருந்தால் ஜாமீன் வாங்கிக்கொண்டு ஓடியிருப்பாய்.

ப்ரோமோட்டர் சொன்ன நாளில் இடிக்க வந்துவிட்டான், ஒரு கல்லைக் கூட எனக்காகக் காத்து வைக்கவில்லை. வண்டியை ட்ரக்கில் ஏற்றிக் காளிகாட்டுக்குக் கொண்டுபோனோம். ஜூமாதியின் ஃப்ளாட்டுக்கு ஒரு பார்க்கிங் இடம் உண்டாம், வண்டி இல்லாததால் அங்கே வாட்ச்மேன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். துணி போனது, ஹெரால்டு நின்றது. பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்று நீ சொல்வது அன்பால்தான், தெரியும். ஆனால் வர மாட்டேன். உன் வீட்டில் லிஃப்டில் ஏறினால் கூட யார் வீட்டுக்கு என்று கேட்கிறார்கள். நான் இங்கேயே கிடக்கிறேன். கல்யாணத்துக்குப் பூச்சுற்றிய பெரிய கார் ஒன்று புக் பண்ணியிருக்கிறாயாம். தாராளமாக அதிலேயே வா. வண்டி நின்று போனால் சொல்லியனுப்பு, பாப்லு வருவான்.

பதிவுச் சீட்டு போன வாரம் கைக்கு வந்தது. கொடுத்த இன்ஸ்பெக்டர், "மேஷோமஷாய், ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. இதை தினமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போட, இதுக்கு மட்டும்தான் ரோட்டுல இறங்கலாம்" என்றான். நான் நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன்: "ஏட்டி, ஞாயித்துக்கிழமை பெட்ரோல் போடப் போறோம். பட்டுச் சேலை கட்டிக்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஹவுராவுல போடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா முன்னால், ஜூமாதி பின்னால். ஜூமாதி கிளம்பினதிலிருந்து, க்ளட்சை மெதுவாக விடு, ஹார்னை ஏன் அடிக்கிறாய் என்று பாடம் நடத்திக்கொண்டே வந்தாள். பாலம் ஏறுவதற்கு முன்னால் வெள்ளைச் சட்டை டிராஃபிக் சார்ஜென்ட் ஒருவர் கையைக் காட்டி ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைத்தேன்.

"எங்க போறீங்க?"

"பெட்ரோல் போட."

"எங்கேருந்து வர்றீங்க?"

"காளிகாட்."

"வழியில ஒரு பங்க் கூடவா இல்ல?"

"இருக்கு. அந்தப் பெட்ரோல் இதோட வயித்துக்கு ஒத்துக்கல" என்றேன். பின்னாலிருந்து ஜூமாதி, "சட்டத்துல எந்த பங்க்னு போட்டிருக்கான்னு கேளுங்க அவரை" என்றாள். சார்ஜென்ட் அவளையும், உன் அம்மாவின் பட்டுச் சேலையையும், கடைசியாக என்னையும் பார்த்தார். "பேப்பர்" என்றார்.

கொடுத்தேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாய்விட்டுப் படித்தார். மாலிக் என்று படித்தார். அதற்குப் பிறகு என் பெயர். என் பெயரையும் என் அப்பா பெயரையும் வங்காளப் பல்லில் போட்டுக் கடித்து மென்று ஒன்றாக்கிப் படித்தார். நடுத்தெருவில், பஸ்களும் டாக்ஸிகளும் போய்க்கொண்டிருக்க.

"ஸார், கண்ணாடி கொண்டு வரல. சரியா போட்டிருக்காங்களான்னு தெரியல. இன்னொரு தடவை படிங்க" என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது. உன் அம்மா தொடையில் கிள்ளினாள். அவர் இன்னொரு தடவை படித்தார், இன்னும் சத்தமாக. உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி, போங்க" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். சாவியைத் திருகினேன். வண்டி இருமியது, ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி திருகினேன், ஆகவில்லை. பின்னால் ஒரு மினிபஸ் ஹார்ன் அடித்தது, அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து. சார்ஜென்ட் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் போனார். நான் இறங்கவில்லை. மாலிக் எதற்கு இறங்க வேண்டும்? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அரசாங்கம் தள்ளியது.

உன் அப்பா